மறுசுழற்சித் திருவிழாவுக்கு மூட்டை கட்டும் முன்

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டியும், போகிக்கு முந்தைய வாரங்களிலும் குடியிருப்போர் சங்கங்களும் கல்லூரிகளும் தன்னார்வக் குழுக்களும் மறுசுழற்சித் திருவிழா நடத்துகின்றன. மைதானத்தில் ஷாமியானா போட்டு, ஒரு வரிசையில் பழைய பொருள் சேகரிப்பு, எதிர்வரிசையில் பழுதுபார்க்கும் மேசை, உரம் போடும் செய்முறை, துணி மாற்றிக்கொள்ளும் இடம், நடுவில் சாப்பாட்டுக் கடைகள். ஒரு மாத வீட்டுக் குப்பையை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிட்டு வந்தால், அது அன்று சாயங்காலமே வேறொரு லாரியில் ஏறி வழக்கமான குப்பைமேட்டுக்குத்தான் போகும். எந்தப் பொருள், எந்த நிலையில், யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் கணக்கு. அதில் முக்கால்வாசி வேலை வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

காயலான் கடைக்காரர் வாங்குவதை அவரிடமே போடுங்கள்

செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இரும்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரம், தண்ணீர், குளிர்பானம் வரும் பெட் (PET) பாட்டில், உடைந்த பிளாஸ்டிக் குடம் இவற்றையெல்லாம் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். காசும் தருவார்கள். இவற்றை ஆட்டோ பிடித்து விழாவுக்கு ஏற்றிப் போவது வெட்டி வேலை, கடைக்காரர் பிழைப்பிலும் மண். திருவிழா பயன்படுவது அவர் "இது வேணாங்க" என்று தள்ளிவிடும் சாமான்களுக்குத்தான்: பால் கவர், டெட்ரா பேக், தெர்மாகோல், ட்யூப்லைட், பட்டன் செல் என்னும் சின்ன வட்ட பேட்டரி, பழைய சார்ஜர், கிழிந்த துணி, சில ஊர்களில் கண்ணாடிச் சீசாவும்.

எனவே அழைப்பைப் பார்த்ததும் அமைப்பாளர்களுக்குப் போன் போட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். என்னென்ன எடுக்கிறீர்கள்? எதை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள்? சேகரிப்பு எத்தனை மணிக்கு முடியும்? நடுக் கேள்விதான் உயிர்நாடி. "மறுசுழற்சிக்கு அனுப்புறோம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. பால் கவர் எந்த ஆலைக்கு, மின்கழிவு எந்த நிறுவனத்துக்கு என்று பெயர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மின்கழிவு எடுப்பவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். சரியான பதில் வராத பொருளை எடுத்துப் போகாதீர்கள். நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விழா இரவு வரை நடந்தாலும், லாரி ஏற்ற வேண்டும் என்பதால் சேகரிப்பை மதியத்தோடு மூடிவிடுவது உண்டு. மூடிய பிறகு வாசலில் மூட்டையை வைத்துவிட்டு நழுவினால், அதைத் தூக்குவது ஒரு தன்னார்வலரோ தூய்மைப் பணியாளரோதான்.

மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்

நான்கு பழைய அரிசிப் பைகள் போதும். பிளாஸ்டிக் உறைகள் ஒன்றில், டெட்ரா பேக் ஒன்றில், துணி ஒன்றில், கண்ணாடிக்கு அட்டைப்பெட்டி வைத்த பை ஒன்று. மின்சாமான்களைப் பையில் போடாமல் தனி டப்பாவில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விதி: காலி, சுத்தம், ஈரமில்லாமல். ஒரு பையில் அரை டம்ளர் தயிர் கொட்டினால் அதிலுள்ள காகிதம் முழுக்கப் பாழ்.

பால் கவரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினமும் வருவது அதுதான். வெட்டும்போது மூலையைத் துண்டாக நறுக்கி எடுக்காதீர்கள். ஓரத்தில் சிறிது ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். தனியாக விழும் அந்தச் சின்ன முக்கோணத்தை எந்தச் சல்லடையிலும் பிடிக்க முடியாது. நேரே சாக்கடைக்குத்தான் போகும். பாலை ஊற்றியதும் கவருக்குள் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி அந்தத் தண்ணீரையும் பால் பாத்திரத்திலேயோ தோசை மாவிலோ சேர்த்துவிடலாம். பிறகு கவரின் ஒரு பக்கத்தை முழுதாக வெட்டித் திறந்து, பாத்திரம் அலசிய தண்ணீரில் ஒருமுறை அலசி, கொடியில் கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இதற்கென்று குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டாம். குப்பையைக் குறைக்கிறேன் என்று தண்ணீரை வீணாக்கினால் லாபமில்லை. வெட்டித் திறக்காத கவர் உள்ளே ஈரம் தங்கி, மறுநாளே புளித்த வாடை அடிக்கும். அப்படிப்பட்ட பத்து கவர் ஒரு மூட்டைக்குள் இருந்தால் ஆலையில் மூட்டையையே திருப்பி அனுப்புவார்கள். நாளுக்கு அரை லிட்டர் கவர் இரண்டு என்றால் மூன்று வாரத்தில் 42 கவர். எடை என்னவோ நூறு கிராமைச் சுற்றித்தான் நிற்கும். காயலான் கடையில் இதைச் சீந்தாததற்குக் காரணம் புரிந்திருக்கும். பல வீட்டுக் கவர் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் அது சரக்கு.

எண்ணெய் கவர் அடம் பிடிக்கும். கவிழ்த்து வைத்து வடியவிட்டு, உள்ளே ஒரு ஸ்பூன் கடலை மாவோ அரிசித் தவிடோ போட்டுக் கசக்கி, அது எண்ணெயை உறிஞ்சிய பிறகு தட்டிவிட்டுக் கழுவுங்கள். அப்படியும் பிசுபிசுத்தால் பால் கவரோடு சேர்க்காமல் தனியாகக் கொண்டுபோய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற உறைகளைக் கையாலேயே பிரிக்கலாம். இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுவது ஒரு வகை. பால் கவர், மளிகைப் பருப்பு வரும் மெத்துக் கவர் எல்லாம் அதில் சேரும். இழுத்தால் நீளாமல் சலசலவென்று சத்தம் போடும் பிஸ்கட் கவர், சட்டை வரும் பளபளப்பு உறை எல்லாம் வேறு வகை. இரண்டும் சேர்ந்து உருகாது, எனவே தனித்தனியாக வையுங்கள். உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும் சிப்ஸ் கவர், ஷாம்பு சாஷே, காபித்தூள் பாக்கெட் மூன்றாவது வகை. கையில் கசக்கிவிட்டு விட்டுப் பாருங்கள்: சுருண்டது மெல்ல விரிந்துகொண்டால் அது பிளாஸ்டிக்மேல் உலோகப் பூச்சு, கசங்கியபடியே இருந்தால் வெறும் அலுமினியத்தாள். பூச்சு உறைகளில் இரண்டு மூன்று படலம் ஒட்டியிருக்கும், பிரிக்க வழியில்லாததால் மறுபடி உறையாக மாறாது. அவற்றை உள்ளாட்சிகள் அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகின்றன. அதை மறுசுழற்சி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த வகையைக் குறைக்க வழி, வாங்குவதைக் குறைப்பது மட்டும்தான்.

ஜூஸ், பால் வரும் டெட்ரா பேக்கில் முக்கால் பங்கு காகிதம். மீதி பாலித்தீனும் மெல்லிய அலுமினியமும். மூலைகளை விரித்து, மேலும் கீழும் வெட்டிப் பட்டையாக்கி, அலசிக் காயவைத்து அடுக்கினால் நூறு டப்பாவும் ஒரு பைக்குள் அடங்கும். ஸ்ட்ராவை உள்ளே குத்தித் தள்ளாமல் எடுத்துவிடுங்கள்.

பெட் பாட்டில் விழாவில் எடுப்பதாக இருந்தால், மூடியைத் திறந்து நசுக்கிவிட்டு மறுபடி மூடுங்கள். காற்றோடு மூடிய பாட்டில் அழுத்தும் எந்திரத்தில் அடங்காது. மூடி வேறு பிளாஸ்டிக்தானே என்று கவலைப்பட வேண்டாம். ஆலையில் அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடும்போது பெட் அடியில் அமிழும், மூடித்தூள் மிதக்கும், பிரித்துவிடுவார்கள்.

காகிதத்தில் ஏமாற்றுப் பேர்வழிகள் சில உண்டு. கடை பில், ஏ.டி.எம். சீட்டு பெரும்பாலும் வேதிப்பூச்சுள்ள வெப்பத் தாள், சேர்க்காதீர்கள். பளபளக்கும் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்துப் பாருங்கள்: கிழிசல் ஓரத்தில் மெல்லிய படலம் இழுபட்டால் அது காகிதக் கணக்கில் வராது. பஜ்ஜி மடித்த பேப்பரும் பீட்சா பெட்டியின் எண்ணெய் ஊறிய அடிப்பக்கமும் வேண்டாம். பெட்டியின் மேல்மூடியை மட்டும் கிழித்துச் சேருங்கள்.

கண்ணாடியில் சீசா வேறு, முகம் பார்க்கும் கண்ணாடி வேறு, பீங்கான் வேறு. ஒரே சூட்டில் உருகாதவை என்பதால் ஒரு பீங்கான் கோப்பைத் துண்டு கலந்தாலும் உருக்கும் இடத்தில் குறை விழும். உடைந்ததை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே "உடைந்த கண்ணாடி" என்று பெரிதாக எழுதுங்கள். அங்கே பிரிப்பவர்கள் கையால்தான் பிரிக்கிறார்கள். பிளேடை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு டேப் ஒட்டித் தாருங்கள்.

தெர்மாகோல் டி.வி., மிக்ஸி வந்த வெள்ளைப் பெட்டியாக இருந்தால் சரி. மீன் வந்த பெட்டியைக் கழுவினாலும் எடுக்க மாட்டார்கள்.

மின்சாமான்: இங்கேதான் ஆபத்து

செல்போனைக் கொடுக்கும் முன் படங்களைப் பிரதி எடுத்து, வங்கி மற்றும் பணப் பரிமாற்றச் செயலிகளிலிருந்து வெளியேறி, அடுத்து கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கி, அதன் பிறகே முழு அழிப்பு ('ஃபேக்டரி ரீசெட்') கொடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. கணக்கை நீக்காமல் அழித்தால் போன் பழைய கடவுச்சொல்லைக் கேட்டு முடங்கிவிடும். இன்னும் மூன்று வருடம் ஓடக்கூடிய போனும் உடைப்புக்குத்தான் போகும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்ற மறக்காதீர்கள். கணினியில் கோப்புகளை 'டெலிட்' செய்வது அழிப்பு ஆகாது. அதற்கென்று உள்ள மென்பொருளால் மேலெழுதுங்கள், அல்லது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.

பேட்டரிகளில் எளிதில் தீப்பிடிப்பது லித்தியம் வகை. போன், பவர் பேங்க், ப்ளூடூத் ஸ்பீக்கர், குழந்தைகளின் ரிமோட் கார் எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதுதான். வெளியே எடுத்த ஒவ்வொரு பேட்டரியின் முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஒன்பது வோல்ட் சதுர பேட்டரிக்கும் அதேதான், இரண்டு முனையும் ஒரே பக்கம் இருப்பதால் ஒரு ஜெம் கிளிப் பட்டாலே சூடேறும். உப்பிப்போன பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வெளியே எரியும் சாமான் இல்லாத இடத்தில் ஒதுக்கி, அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பஸ்ஸில் எடுத்துப் போக வேண்டாம். இன்வெர்ட்டர், வண்டி பேட்டரியை விழாவுக்குக் கொண்டுவரவே தேவையில்லை. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதற்கு விலை கழிப்பார்கள்.

எல்.இ.டி. அல்லாத பழைய ட்யூப்லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் இருக்கிறது. புது விளக்கு வந்த அட்டை உறையிலேயே பழையதை நுழைத்து வையுங்கள். கை தவறி உடைந்தால் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரும் பத்துப் பதினைந்து நிமிடம் அறையைவிட்டு வெளியே இருங்கள். அப்புறம் கெட்டி அட்டையால் துண்டுகளை ஒதுக்கி எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். துடைப்பம் போட்டால் பாதரசம் காற்றில் பரவும்.

காலாவதியான மருந்து, ஊசி, நாப்கின், டயப்பர், பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து பாட்டில் ஆகியவற்றைச் சிறப்பாகக் கேட்டிருந்தாலொழிய எடுத்துப் போகாதீர்கள்.

அன்றைக்குப் பையில் வேண்டியவை

விளிம்புள்ள எவர்சில்வர் தட்டு, டம்ளர், ஸ்பூன், தண்ணீர் பாட்டில், பார்சலுக்கு ஒரு டிபன் பாக்ஸ், கைக்குட்டை, இரண்டு துணிப்பை. எச்சில் தட்டைச் சுற்றி எடுத்துவர ஒரு பழைய துண்டு. குழந்தைகள் இருந்தால் ஆளுக்கொரு டம்ளர் கூடுதலாக. ஐஸ்கிரீம் கோப்பையும் கரண்டியும்தான் பொதுவாக எல்லாரும் மறப்பது.

தட்டு கழுவும் இடத்தில் மிச்சத்தை முதலில் மக்கும் தொட்டியில் வழித்துவிட்டுத்தான் முதல் தொட்டித் தண்ணீருக்குப் போக வேண்டும். சாம்பார் சாதத்தோடு தட்டை முக்கினால் பத்தாவது ஆளுக்குள் தண்ணீர் மாற்ற வேண்டிவரும். சில விழாக்களில் டம்ளருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பித் தரும்போது கொடுத்துவிடுவார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள், நீலகிரியில் 2022-ல் காலி மதுபாட்டிலைத் திரும்ப வாங்க 10 ரூபாய் கூடுதலாக வைத்த திட்டமும் இதே கணக்குதான். காசு திரும்பிவரும் என்றால் பாட்டிலும் திரும்பிவருகிறது.

உள்ளே நுழைந்ததும்

முதலில் பழுதுபார்க்கும் மேசையில் டோக்கன் வாங்குங்கள், வரிசை நீள்வது அங்கேதான். அப்புறம் சேகரிப்பு. பைகளைக் கவிழ்த்துவிட்டுப் போகாமல் எந்தெந்தக் கூடையில் எது என்று கேட்டு நீங்களே போடுங்கள். வாங்க மறுத்ததை வாதாடாமல் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மின்கழிவுக்கு எடையும் நிறுவனப் பெயரும் உள்ள ரசீது கேட்டு வாங்குங்கள்.

பழுதுபார்க்கக் கொண்டுபோகும் மிக்ஸியைத் துடைத்து, ஜாரோடு எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் அடிப்பாகத்தில் உள்ள சிவப்புப் பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். சுமை தாங்காமல் நின்ற மிக்ஸி அதிலேயே ஓடிவிடும். மோட்டார் சுற்றியும் ஜாரின் பிளேடு சுற்றவில்லை என்றால், இரண்டையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கும். உள்ளே தீப்பொறி, கருகிய வாடை என்றால் பெரும்பாலும் கார்பன் பிரஷ். மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனுக்குப் பல நேரம் 2.5 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று மாற்றினால் போதும். ஃபேனைக் கழற்றித் தூக்கி வர வேண்டாம். கெப்பாசிட்டரின் மேல் எழுதியிருப்பதைப் படமெடுத்து வந்து, எதை வாங்கி எப்படி மாட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்துவிட்டுப் போய் உட்காராமல் பக்கத்தில் நின்று பாருங்கள், அடுத்த முறைக்கு உதவும்.

துணி மாற்று மேசைக்குத் துவைத்து, தேய்த்து, பொத்தான் குறையாத துணி மட்டும். கிழிந்தது வேறு கூடை. உள்ளாடை எதிலும் சேர்த்தி இல்லை. செருப்பை ஜோடியாகக் கட்டி வையுங்கள். ஐந்து கொடுத்தால் ஐந்து எடுத்தே தீர வேண்டும் என்று இல்லை. அலமாரி காலியாக வேண்டும் என்றுதானே வந்தீர்கள்.

கடைகளில் கண்ணைத் திறந்து வையுங்கள்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. அதில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும், துணி போலத் தோன்றும் 'நான் ஓவன்' பையும் அடக்கம். இரண்டுமே சுற்றுச்சூழல் விழாவிலேயே பல்லிளிப்பது உண்டு. நான் ஓவன் பையைக் கண்டுபிடிப்பது எளிது: ஊடும் பாவுமாக நூல் தெரியாது, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் இருக்கும். அது முழுக்க பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது நிஜமான பருத்திப் பைக்காகத்தான். ஆனால் பருத்திப் பையும் வீட்டில் இருபது சேர்ந்தால் அதுவும் குப்பையே, எனவே இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம்.

"மக்கும் பிளாஸ்டிக்" என்று விற்கும் பையிலும் கரண்டியிலும் ஐ.எஸ். 17088 தரக் குறிப்பும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் அது மக்குவது 60 டிகிரியை ஒட்டிய சூடு நிலைக்கும் பெரிய உரக்கூடத்தில். வீட்டுப் பானையில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாழை இலைக்கும் தொன்னைக்கும் பாக்கு மட்டைத் தட்டுக்கும் சான்றிதழ் தேவைப்படாது.

உரச் செய்முறையில் கேட்க வேண்டியவை

விழாவில் ஒரே ஒரு காரியம்தான் கற்றுக்கொள்ள நேரம் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு சமையலறையிலிருந்து வருவது. அது பிரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகவே காய்ந்த சரக்காகிவிடும். மூன்றடுக்கு மண்பானையோ, ஓட்டை போட்ட பழைய வாளியோ எதுவானாலும் முறை ஒன்றுதான். காய்கறிக் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதே அளவுக்குக் குறையாமல் காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ மேலே மூடுங்கள். தொடக்கத்துக்கு ஒரு கை பழைய உரமோ, ஒரு டம்ளர் புளித்த மோரோ. வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். தண்ணீர் வழிந்தால் ஈரம் அதிகம், நாற்றம் அடிக்கும், இன்னும் நார்த்தூள் போடுங்கள். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். புழு நெளிந்தால் மேல்மூடாக்கு போதவில்லை என்று அர்த்தம். உரத்துக்குக் கெடுதல் இல்லை. குழம்பு, ரசத்தை வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் போடுங்கள். எலும்பும் சிரட்டையும் வேண்டாம். பானை நிறைந்த பிறகு 45 முதல் 60 நாளில் மண்வாசனை வரும், அப்போது சலித்து எடுக்கலாம்.

செய்முறை காட்டுபவரிடம் அவர் வீட்டுப் பானையின் அடி அடுக்கைக் கொண்டு வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். கையில் அள்ளி முகர்ந்து பார்த்தால் பத்து நிமிடப் பேச்சைவிட அதிகம் தெரியும்.

திரும்பிவந்த சாமான்

மறுக்கப்பட்டவற்றில் மாத்திரை அட்டை, பூச்சு உறை போன்றவற்றை வீட்டு மக்காத குப்பையோடு தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். டயர், ரப்பர் ட்யூப், பழைய பாய் இருந்தால் போகிக்கு முந்தைய நாட்களில் சென்னை மாநகராட்சி போன்ற உள்ளாட்சிகள் வீடுவீடாக வாங்கிக்கொள்கின்றன. வார்டு அலுவலகத்தில் தேதி விசாரியுங்கள். பேட்டரிகள் அடுத்த சேகரிப்பு வரை காத்திருக்கலாம், முனையில் டேப் ஒட்டி, ஈரம் படாத இடத்தில். பட்டன் செல்லை மட்டும் குழந்தைகள் திறக்க முடியாத டப்பாவில், எட்டாத உயரத்தில் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.